முந்நூற்றைம்பது ரூபாய் சர்வீஸ்

அத்தியாயம் பதினேழு

மூன்றாவது நாள் காலையிலும் கிருபாநிதி கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, டெல்பின் தூக்குச்சட்டியோடு நின்றாள். உள்ளே கஞ்சி. நாத்தனார் பிளாரன்ஸுக்குக் கொண்டுவந்தது. பிளாரன்ஸ் அதைத் தொடவில்லை. முந்தின நாள் கொண்டுவந்ததையும் தொடவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த புருஷனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கால்கள் மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை சங்கு குளிக்கப் போன வள்ளத்தில் நடந்தது தூத்துக்குடி திரேஸ்புரம் முழுக்கத் தெரியும். பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்தில், காற்றுக் குழாயை வாயில் கவ்வியபடி சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தான் கிருபாநிதி. மேலே இருந்தவர்கள் வழக்கம்போலக் கயிற்றை இழுத்துக் கேட்டபோது கீழேயிருந்து பதில் இழுப்பு வரவில்லை. தூக்கியெடுத்தபோது மூச்சு இருந்தது, நினைவு இல்லை.

ஊர் அதிகம் பேசாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த வள்ளத்தில் ஓடி, அவனுக்குக் காற்று அனுப்பிக்கொண்டிருந்த கம்ப்ரஸர், பதினோரு நாளைக்கு முன்னால் ஜாய்சனின் கடையில் சர்வீஸ் ஆகிப் போயிருந்தது. ஜாய்சன் பிளாரன்ஸின் கூடப்பிறந்த அண்ணன். டெல்பினின் புருஷன்.

கதவு திறந்தது. இளம் டாக்டரம்மா ஒருத்தி கையில் காகிதத்தோடு வெளியே வந்தாள்.

"கிருபாநிதிக்கு வேண்டியவங்க யாரு?"

"நான்தான் டாக்டர். வீட்டுக்காரி." பிளாரன்ஸ் எழுந்துவிட்டாள்.

"முதல் நாள் எடுத்த ரத்தத்தை வெளியில ஒரு டெஸ்டுக்கு அனுப்பியிருந்தோம். இன்னிக்குத்தான் வந்தது. ஆழத்துல இருந்து மேல வந்ததால ஆன பிரச்சினைன்னு நினைச்சோம். அது இல்லை. அவர் ரத்தத்துல புகை கலந்திருக்கு."

"அவுக பீடிகூடக் குடிக்க மாட்டாவ."

"பீடிப் புகை இல்லம்மா. இன்ஜின் புகை. அதுல இருக்கிற ஒரு வாயு. மணமே இருக்காது. பூட்டின ஷெட்டுக்குள்ள வண்டியை ஓட விட்டா ஆள் மயங்கிச் செத்துப்போறாங்க இல்லையா, அதே வாயு. மூச்சு விடுற காத்தோட சேர்ந்து அது உள்ள போயிருக்கு."

"கடலுக்கடியில புகை எப்படி டாக்டர் வரும்?"

"மேல இருந்துதானே காத்து போகுது? கம்ப்ரஸர் நல்ல காத்தை இழுக்கிறதுக்குப் பதிலா இன்ஜின் புகையையும் சேர்த்து இழுத்திருக்கும். அந்த மெஷினைக் கடைசியா யார் பார்த்தாங்க?"

பிளாரன்ஸ் திரும்பி டெல்பினைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. அதுதான் டெல்பினுக்குத் தாங்க முடியவில்லை.

"எங்க அண்ணன்தான் பாத்தான்" என்றாள் பிளாரன்ஸ். "அப்ப அதுல தப்பிருக்காது டாக்டர். அவன் கை பட்டா மெஷினு பேசும். வேற என்னமோ நடந்திருக்கு."

டாக்டரம்மா காகிதத்தை மடித்தாள்.

"பொழச்சிருவாவளா?"

"உயிருக்கு இப்போ ஆபத்து குறைஞ்சிருக்கு. மூளைக்கு எவ்வளவு பாதிப்புன்னு கண் முழிச்ச பிறகுதான் சொல்ல முடியும்."

டெல்பின் தூக்குச்சட்டியைப் பெஞ்சில் வைத்தாள். "கடை வரைக்கும் போயிட்டு வந்திருதேன்ளா" என்றாள். பிளாரன்ஸ் தலையை மட்டும் ஆட்டினாள்.

*

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். ஜாய்சன் ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுவரில் அடித்திருந்த ஃபிளக்ஸைக் கத்தியால் ஓரம் ஓரமாக அறுத்துக்கொண்டிருந்தான்.

அது விலைப்பட்டியல். நான்கு மாதத்துக்கு முன் டெல்பின் போட்டது.

அதற்கு முன் அந்தக் கடையில் ஒரே விலைதான். கம்ப்ரஸர் வந்தால் தொள்ளாயிரம் ரூபாய். ஆயில் மாற்றுவது, பெல்ட் பார்ப்பது, ஃபில்டர் மாற்றுவது, காற்று இழுக்கும் குழாயைச் சோதித்து, வேண்டுமென்றால் புதுசு மாட்டுவது எல்லாம் அதற்குள் அடக்கம். சில மாதம் கைக்காசு போகும். ஜாய்சன் கண்டுகொள்ள மாட்டான். பிறகு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் புதுக்கடை ஒன்று வந்தது. நானூறு ரூபாய் என்று போர்டு வைத்தார்கள். இரண்டே மாதத்தில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சுயதொழில் செய்யும் பெண்களுக்கென்று நடந்த ஒருநாள் வகுப்புக்கு டெல்பின் போனாள். போனில் ஏஐயிடம் எப்படிக் கேட்டு விலை வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருவாட்டுக்காரி, பாக்கெட் கவருக்கும் ஆட்டோ கூலிக்கும் தான் விலையே சேர்க்காமல் விற்று வந்தது அன்றைக்குத்தான் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டாள். பத்து வருஷம் கடைக்கணக்கு எழுதிய டெல்பினுக்கு, தன்னோடு உட்கார்ந்து யோசிக்க ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

மறுநாளே பட்டியல் தயார். எகானமி சர்வீஸ் முந்நூற்றைம்பது. முழு சர்வீஸ் ஆயிரத்து நூறு. எகானமிக்குக் கீழே சின்ன எழுத்தில், 'தினசரி உபயோகத்துக்கு ஏற்றது.' போன வாடிக்கையெல்லாம் திரும்பி வந்தது. ஜாய்சன் அந்த மாதம் அவளை முத்துநகர் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தான். கல்யாணமாகி அது இரண்டாவது முறை.

"என்ன செய்யுதிய?" என்றாள்.

"கண்ணு தெரியலையா?"

"எதுக்கு இப்ப அதை அறுக்கிய?"

"எவனாவது போட்டோ எடுக்கதுக்கு முந்தி. காலையிலயே வன்னியபெருமாள் ஆளு வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கான்."

வன்னியபெருமாள் வள்ளத்தின் முதலாளி. கம்ப்ரஸரைச் சர்வீஸுக்கு அனுப்பியது அவர்தான்.

"ரத்த டெஸ்டு வந்துட்டு" என்றாள் டெல்பின். "இன்ஜின் புகையாம். கம்ப்ரஸர் புகையை இழுத்திருக்காம்."

ஜாய்சனின் கை நின்றது. மெதுவாக ஸ்டூலிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்தான். எப்படி என்று கேட்கவில்லை. இருக்காது என்று சொல்லவில்லை. 

"உங்களுக்குத் தெரியுமா?"

அவன் கத்தியைத் தரையில் வைத்தான்.

"இழுப்புக் குழா வெடிப்பு விட்டுக் கெடந்துது" என்றான். "அடிப்பக்கம். இன்ஜினை ஒட்டி. கையால தடவிப் பாத்தேன்."

"பாத்துட்டா அனுப்பி வச்சிய?"

"சொன்னேன்ளா. மெஷினைத் தூக்கிட்டு வந்தவன்கிட்ட, குழா மாத்தணும்டே, புகை ஏறும்னு சொன்னேன். மொதலாளி முந்நூத்தம்பதுதான் குடுத்து விட்டாவ அண்ணாச்சி, அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்னான்."

"அவன் சொன்னா நீங்க விட்டுருவியளா?"

"முந்தி மாதிரின்னா கேட்டே இருக்க மாட்டேன். அங்கன கெடக்க குழாய்ல ரெண்டு அடி வெட்டி மாட்டி விட்டிருப்பேன். நீதான இதுக்கு இது, அதுக்கு அதுன்னு பிரிச்சி எழுதி ஒட்டின? எகானமியில குழா கெடையாது. ஓசியில ஒண்ணும் செய்யாதிய, செஞ்சா எவனும் ஆயிரத்து நூறு குடுக்க மாட்டான்னு நீதானளா சொன்ன?"

சொன்னாள். பட்டியலுக்குக் கீழே ஏஐ கொடுத்திருந்த யோசனைகளில் அதுவும் ஒன்று. அவள் அதை அப்படியே புருஷனிடம் வாசித்துக் காட்டினாள். அதுவரை யாரிடமும் கறாராக இல்லாத மனுஷன், பெண்டாட்டி சொல்கிறாளே என்று கறாராக இருந்தான்.

"அது நம்ம கிருபா போற வள்ளம்னு தெரியாதா?"

"அவன் போன வாரந்தான் அதுல சேந்தான். எனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டு முடித்த பிறகு அந்தக் கேள்வியே அவளுக்குக் கூசியது. வேறு எவன் போகிற வள்ளமாக இருந்தால் பரவாயில்லையா?

ஜாய்சன் எழுந்து மீதி ஃபிளக்ஸைப் பிடித்து இழுத்தான். சுவரில் ஆணியும் நான்கு மூலைத் துண்டுகளும் மட்டும் மிஞ்சின.

"பில் புக்குல எகானமின்னு எழுதி, மெஷினைக் கொண்டாந்தவன் கையெழுத்துப் போட்டிருக்கான். காசை மிச்சம் புடிச்சது வன்னியபெருமாளு. கேஸுன்னு வந்தா அவரு தலையில போகும். நீ போன்ல இருக்கதை மட்டும் அழிச்சிரு. குழாயை நான் பாத்த விஷயம் இந்த ஷட்டருக்கு வெளிய போவக்கூடாது. பிளாரன்ஸுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டா."

ஃபிளக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் வெளியே போனான்.

*

அழிக்கத்தான் போனை எடுத்தாள்.

நான்கு மாதத்துக்கு முந்தைய உரையாடல் கீழே எங்கோ கிடந்தது. அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திறந்தாள். முதலில் அவள் எழுதியது இருந்தது.

'தூத்துக்குடியில் சின்ன ஏர் கம்ப்ரஸர் சர்வீஸ் கடை. இப்போது 900 ரூபாய் வாங்குகிறோம். பக்கத்துக் கடையில் 400. வாடிக்கையாளர்: கம்ப்ரஸர் ஓனர்கள். நஷ்டம் இல்லாமல் விலை எப்படி வைப்பது?'

வகுப்பில் கொடுத்த தாளில் வாடிக்கையாளர் யார் என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். ஓனர்கள் என்று போட்டிருந்தாள். பொய்யில்லை. காசு கொடுப்பது ஓனர். மூச்சு விடுவது வேறு ஆள். அந்த ஆளைப் பற்றி அவள் ஒரு வரி எழுதவில்லை.

அதற்கு வந்த பதில் அவளுக்கு மறந்தே போயிருந்தது. இப்போது வாசித்தாள்.

'விலை சொல்வதற்கு முன் இரண்டு விவரங்கள் தேவை. இந்தக் கம்ப்ரஸர்கள் எந்த வேலைக்குப் பயன்படுகின்றன? எந்தப் பாகத்தை மாற்றாமல் விட்டால் பாதுகாப்புக்கு ஆபத்து?'

அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'அதெல்லாம் வேண்டாம். பட்டியல் மட்டும் போடு.'

அன்றைக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஃபிளக்ஸ் அடிப்பவன் ஆறு மணிக்குக் கடையை மூடிவிடுவான். அவ்வளவுதான் காரணம். யோசித்துப் பார்த்தாலும் வேறு பெரிய காரணம் அகப்படவில்லை.

அடுத்த பதிலின் முதல் வரி: 'பஞ்சர் கடை, பெயின்டிங் போன்ற பொதுவான வேலைகளுக்கு என்று எடுத்துக்கொண்டு இந்தப் பட்டியலைத் தருகிறேன். வேறு உபயோகம் என்றால் சொல்லுங்கள், மாற்ற வேண்டியிருக்கும்.' அதற்குக் கீழேதான் பட்டியல். அவள் பட்டியலை மட்டும் எடுத்து அச்சுக்குக் கொடுத்தாள். கிருபாநிதியின் நெஞ்சுக்குள் போன காற்று, சைக்கிள் டயருக்கு அடிக்கிற காற்றுக்குப் போட்ட விலையில் போயிருக்கிறது.

அழிக்கும் பொத்தான் மேல் விரல் நின்றது. அழுத்தவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அதே இடத்தில், நான்கு மாதம் தாமதமாக, பதில் எழுதினாள்.

'இந்தக் கம்ப்ரஸர் காற்றைத்தான் சங்கு குளிப்பவர்கள் கடலுக்கடியில் மூச்சு விடுகிறார்கள். எகானமி சர்வீஸில் இழுப்புக் குழாயைப் பார்ப்பதில்லை. ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.'

பதில் வர இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

'அப்படியானால் அந்தப் பட்டியலை உடனே நிறுத்துங்கள். மனிதர் சுவாசிக்கும் காற்றுக்கு, குழாய்ச் சோதனை இல்லாத சர்வீஸ் எந்த விலையிலும் கொடுக்கக் கூடாது. முக்கியமாக: இதே சர்வீஸ் ஆன வேறு கம்ப்ரஸர்கள் இப்போது கடலில் இருக்கின்றனவா? அதில் குளிப்பவர்களை இப்போதே மேலே வரச் சொல்லுங்கள்.'

டெல்பின் எழுந்து நின்றுவிட்டாள்.

மூன்று நாளாகக் கிருபாநிதியைத் தவிர வேறு யாரையும் அவள் நினைக்கவில்லை. ஜாய்சனும் நினைக்கவில்லை. பில் புக்கை இழுத்துப் புரட்டினாள். முழு சர்வீஸுக்கு மாறியவர்கள் போக, எகானமியில் எடுத்துப்போய் அதற்குப் பிறகு குழாய் மாற்ற வராத சங்கு வள்ளக்காரர்கள் இன்னும் மூன்று பேர்.

அம்புரோஸ் முதல் மணியிலேயே எடுத்தார். வள்ளம் கரையில் கிடக்கிறது என்றார். மெஷினைத் தொடாதிய, ஆளை இறக்காதிய என்று மட்டும் சொல்லி வைத்தாள். மாடக்கண்ணு குலசேகரன்பட்டினத்தில் கல்யாண வீட்டில் இருந்தார். அவரிடமும் அதையே சொன்னாள்.

மூன்றாவது முத்துச்செல்வம். போன் அடிக்கவே இல்லை. அவன் வீட்டு நம்பருக்குப் போட்டாள். பெண்டாட்டி எடுத்தாள்.

"அவுக விடிய மின்னயே குளிக்கப் போயாச்சே. என்ன விசயம்க்கா?"

மணி பன்னிரண்டே கால்.

*

மீனவர் சங்கத்து ஆபீசில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். செயலாளர் அற்புதமணி வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். பெண்கள் அதிகம் வராத இடம். டெல்பின் மூச்சிரைக்க உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. கிருபாநிதி போய்விட்டான் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டார்.

"அவரு இருக்காரு" என்றாள். "அண்ணாச்சி, முத்துச்செல்வம் வள்ளத்தைக் கூப்பிடுங்க. ஆளை இறக்க வேண்டாம்னு சொல்லுங்க. இறங்கியிருந்தா மேல எடுக்கச் சொல்லுங்க."

"ஏம்மா? என்ன ஆச்சி?"

"அவரு கம்ப்ரஸர் எங்க கடையில சர்வீஸ் ஆனது."

"அதுக்கென்ன? ஜாய்சன் வேலைதான?"

சொல்லாமல் தப்பிக்க வழி இருந்தது. மெஷினில் சந்தேகம் என்று மட்டும் சொல்லலாம். ஆனால் சந்தேகம் என்று சொன்னால், ஒரு நாள் வரும்படியை விட்டுவிட்டு எவன் வள்ளத்தைத் திருப்புவான்?

"முந்நூத்தம்பது ரூவா சர்வீஸ்ல இழுப்புக் குழாயைப் பாக்கதே இல்ல அண்ணாச்சி" என்றாள். "நான்தான் அப்படிப் பிரிச்சி வெலை போட்டேன். கிருபாவுக்குப் புகை ஏறினது அதுலதான். முத்துச்செல்வத்துக்குக் குடுத்ததும் அதே சர்வீஸ்தான்."

 அற்புதமணி அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

முத்துச்செல்வத்தின் வள்ளத்தில் வயர்லெஸ் கிடையாது. முயல் தீவுக்குத் தெற்கே நின்ற ஒரு விசைப்படகு கிடைத்தது. அவர்கள் இன்னொரு படகுக்குச் சொன்னார்கள். "ஜாய்சன் கடை முந்நூத்தம்பது சர்வீஸ் கம்ப்ரஸர்ல ஆளை இறக்காதிய. புகை ஏறுது. எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்று அற்புதமணி திரும்பத் திரும்பச் சொன்னார். கடலில் நின்ற அத்தனை படகிலும், கரையில் வயர்லெஸ் பெட்டி திறந்து வைத்திருந்த அத்தனை இடத்திலும் அது கேட்டது. ஒவ்வொரு தடவை அவர் ஜாய்சன் கடை என்று சொன்னபோதும் டெல்பின் கண்ணை மூடிக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. வள்ளத்தைப் பார்த்துவிட்டார்கள். சொல்லிவிட்டார்கள். ஆள் அப்போதுதான் நாலாவது தடவையாக இறங்கியிருந்தானாம்.

"எடுத்தாச்சா?" என்று கத்தினார் அற்புதமணி.

கரகரவென்று ஏதோ கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கரைக்குப் போனாள். அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. முத்துச்செல்வத்தின் பெண்டாட்டி மணலில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். டெல்பின் அவள் பக்கத்தில் போகவில்லை. போக என்ன உரிமை இருக்கிறது? வலை காயப்போட்டிருந்த ஒருவன் அவள் காதில் விழவே சொன்னான்:

"மச்சான் மூச்சுலயே மிச்சம் புடிச்ச குடும்பம்டே."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

மூன்றரை மணிக்கு வள்ளம் தெரிந்தது. கிட்டே வர வர எல்லோரும் தலை எண்ணினார்கள். ஐந்து. ஐந்து பேர்தான் போனது. ஒருவன் மட்டும் பலகையில் சாய்ந்து தலையை வெளியே தொங்கவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். முத்துச்செல்வம்தான். இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். முகம் சிவந்து போயிருந்தது.

"நாலு நாளா தலையப் பொளக்குதுடே" என்றான், மணலில் சரிந்தபடி. "பித்தம்னு எலுமிச்சம்பழம் பிழிஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்தேன்."

அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அற்புதமணி வள்ளத்துக்குள் ஏறி, கம்ப்ரஸரின் இழுப்புக் குழாயை விரலால் நீவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் உள்ளே போனது. அவர் அதை எல்லோருக்கும் காட்டினார். டெல்பினைப் பார்க்கவில்லை.

முத்துச்செல்வத்தின் பெண்டாட்டி ஆட்டோவில் ஏறும்போது ஒருமுறை திரும்பினாள். ஏசுவாள் என்று டெல்பின் நினைத்தாள். ஏசவில்லை. காறித் துப்பிவிட்டுப் போனாள்.

*

கூட்டம் கலைந்த பிறகும் டெல்பின் வீட்டுக்குப் போகவில்லை. ஜாய்சனிடமிருந்து பதினெட்டு முறை போன் வந்திருந்தது. எடுக்கவில்லை. வெயில் தாழ்ந்து, ஏலக்கூடத்துக் கூரையின் நிழல் நீண்டபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. பிளாரன்ஸ் இறங்கினாள். மூன்று நாளாக உடுத்தியிருந்த அதே சேலை.

"ஏளா, நீ இங்கன வந்துட்டியே, அங்கன யாரு?" டெல்பின் பதறி எழுந்தாள்.

"அத்தை இருக்காவ." பிளாரன்ஸ் கிட்டே வந்து நின்றாள். "கண்ணைத் தொறந்துட்டாவ. ரெண்டு மணிக்கு."

"மாதாவே!" டெல்பின் அவள் கையைப் பிடித்தாள்.

"நீ யாருன்னு கேட்டாவ. பிளாரன்ஸ்னேன். தலைய ஆட்டினாவ. அஞ்சு நிமிசம் கழிச்சி மறுபடியும் நீ யாருன்னு கேட்டாவ. இங்க வார வரைக்கும் ஏழு தடவை சொல்லிட்டேன்."

பிடித்த கை தானாக நழுவியது.

"சரியாயிரும்ளா. டாக்டர் என்ன சொன்னாவ?"

"சிலருக்குத் திரும்புமாம். சிலருக்குத் திரும்பாதாம்." பிளாரன்ஸின் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த குரல். "முத்துச்செல்வத்தைக் கொண்டாந்தப்ப எல்லாம் கேள்விப்பட்டேன். வயர்லெஸ்ல சொல்ல வச்சது நீங்கதானாம். உங்க தப்புன்னு நீங்களே சொன்னியளாம்."

"என் தப்புதான்ளா. நான்தான்…"

"அதை நான் கேக்க வரலை." அவள் இடைமறித்தாள். "வெலை போட்டது நீங்க. கம்மிக் காசுன்னு எடுத்தது வன்னியபெருமாளு. அது எனக்கு வெளங்கிட்டு. வெளங்காதது ஒண்ணுதான். மெஷினைக் கையில தூக்கிப் பாத்தது எங்க அண்ணன். அவன் கண்ணுக்கு அந்த வெடிப்பு தப்பியிருக்குமா?"

கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. 

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கச் சொல்லி ரெண்டு நாளா கேக்காவ. எவன் பேரை எழுதன்னு தெரியாம இருந்தேன். சொல்லுங்க மைனி. எங்க அண்ணன் பாத்தானா, பாக்கலையா?"

"வீட்டுக்குப் போவோம்ளா. அவரு இருக்காரு. அங்க வச்சிப் பேசுவோம்."

"அவன்கிட்ட கேட்டா அழுவான். அழுதா நான் விட்டுருவேன். அதான் உன்கிட்ட கேக்கேன்."

கல்யாணமாகி வந்த பதினொரு வருஷத்தில் பிளாரன்ஸ் அவளை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஜாய்சன் தப்பித்துக்கொள்வான். கடை போனாலும் குடும்பம் மிஞ்சும். அண்ணனும் தங்கச்சியும் ஒரு வீட்டில் சாப்பிடலாம். பிளாரன்ஸ் நம்புவாள். காலையில் டாக்டரிடம் சொன்னாளே, அதே மாதிரி நம்புவாள்.

"பாத்தாரு" என்றாள் டெல்பின்.

பிளாரன்ஸின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கீழுதடு மட்டும் உள்ளே மடிந்தது.

"மாத்தணும்னு சொல்லியிருக்காரு. வன்னியபெருமாளு ஆளு காசில்லன்னு சொன்னதும் விட்டுட்டாரு. ஓசியில செய்யாதியன்னு சொன்னது நான். எழுதுனா என் பேரையும் எழுதுளா. என் பேரை மொதல்ல எழுது."

 பிளாரன்ஸ் சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினாள்.

டெல்பினின் கையில் போன் மறுபடியும் அதிர்ந்தது. ஜாய்சன். அவள் எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அவன், "எங்களா இருக்க? பிளாரன்ஸ் அங்க வந்தாளா? என்ன கேட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஆட்டோ முக்குக்குப் போய் ஒரு கணம் நின்றது. இடப்பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி, வலப்பக்கம் போலீஸ் ஸ்டேஷன்.

அது வலப்பக்கம் திரும்பியது.